முதல் கிண்ணம்

...ஒரே ஒரு ஆள்தானே வருகிறது, வர வேண்டியது இரண்டு பேர், இன்னொருவர் எங்கே? குன்செஸ் நீள மரக்குழாய்க்குள் கடைகோலை இடித்துக்கொண்டே வாசலைப் பார்த்தாள், தேநீரோடு வெண்ணெயும் உப்பும் எப்போதோ கலந்துவிட்டன, இருந்தும் கை நிற்கவில்லை, நின்றால் நெஞ்சு இடிப்பது கேட்டுவிடும். இந்தப் பொட்டல்வெளியில் ஆள் தெரிந்த பிறகும் அது யாரென்று தெரிய ஒரு யுகம் ஆகும்... சிவப்பு அங்கி, அதுமட்டும் தெரிகிறது. இரண்டு பேருக்கும் ஒரே துணியில் தைத்தவள் அவள்தான், அண்ணன் தம்பிக்குள் பாகுபாடு காட்டக் கூடாதென்று, அந்தப் புத்திக்கு இப்போது தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. மூத்தவர் மோரூப்பா, இளையவன் தர்க்யாஸா? இருவரும் அவள் புருஷர்கள்தான், அண்ணன் கட்டினவள் தம்பிக்கும் மனைவி என்பது இங்கே வீட்டுக்கு வீடு உள்ளதுதான், ஆனால் ஒருவர் மட்டும் திரும்பி வந்தால் என்ன செய்வது என்று எந்த வீட்டிலும் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லையே...

ஏரிக்கு அந்தப் பக்கம் ஆடுகளை ஓட்டிக்கொண்டு போனான் தர்க்யாஸ், வருஷா வருஷம் போகிற குளிர்கால மேய்ச்சல்தான், இந்த வருஷம் திடீரென்று அது சீனாக்காரன் மண்ணாம், இல்லையில்லை இந்தியா மண்ணாம், அங்கே முளைக்கிற புல்லுக்கே அது தெரியாது. பிறகு பீரங்கிச் சத்தம், மலை இடிந்து விழுகிற மாதிரி. மோரூப் எழுந்து அங்கியை மாட்டிக்கொண்டார், "அவன் இல்லாம திரும்ப மாட்டேன்." அவ்வளவுதான் சொன்னார், பிடிவாதக்காரர். இப்போது சண்டை நின்றுவிட்டதாம், ராணுவ முகாம் ஆட்கள் சொன்னார்கள், நேற்றிலிருந்து சத்தமே இல்லை. திரும்ப மாட்டேன் என்றவர் தனியாக வருவாரா? மாட்டார். அப்படியென்றால் வருவது... தர்க்யாஸாக இருக்கட்டும். ஐயோ, யார் சொன்னது இது? அவள் சொல்லவில்லை, அதுவாக வந்தது, கடைகோல் மேலே வந்த மாதிரி வந்துவிட்டது, இனி எவ்வளவு அழுத்தினாலும் உள்ளே போகுமா? அப்படியானால் அவர், சோற்றில் பாதியை எப்போதும் தம்பி பக்கம் தள்ளிவைக்கிற அந்த மனிதர்...

பக்கத்து வீட்டுக் கூரையிலிருந்து பல்மோ கத்தினாள். "அடியே குன்செஸ், வர்ற ஆளுக்கு முதுகு கூனிக் கெடக்குடி! மூட்ட தூக்கிட்டு வர்றான்!"

மூட்டை இல்லை. மூட்டைக்கு ஏது தலை, அது நிமிர்ந்து கையை ஆட்டுமா? குன்செஸ் ஓடினாள், செருப்பு ஒரு பக்கம் போனது, அழுகையா சிரிப்பா என்று அவளுக்கே தெரியவில்லை, மோரூப் குனிந்து நடந்துவருகிறார், அவர் முதுகில் தர்க்யாஸ். இரண்டு பேர், இரண்டு பேருமே!

"இப்பவாவது எறக்கி விடுண்ணே, ஊரே சிரிக்குது."

"சும்மா கெட. ஒன்ன விட்டுட்டு வந்திருந்தா நாலு ஆட்டையாவது தூக்கிட்டு வந்திருப்பேன்."

"ஆடுங்க?" என்றாள்.

"பாதி அந்தப் பக்கம். பனியில இவன் கால்விரல் ரெண்டு கறுத்துப் போச்சு. வேற சேதம் இல்ல, அழாத."

பாதி போகட்டும், முழுசாகவே போகட்டும். அடுப்பில் வரட்டியை அள்ளிப் போட்டாள், புகையில் கண் எரிந்தது, நல்லதாகப் போயிற்று. இருவரும் அங்கி மடிப்பிலிருந்து தங்கள் மரக்கிண்ணத்தை எடுத்து வைத்தார்கள். இந்த வீட்டில் கால் வைத்த நாளிலிருந்து முதல் ஊற்று மூத்தவருக்குத்தான், கண்ணை மூடிக்கொண்டாலும் கை அங்கேதான் போகும்... தேநீர் விழுகிற சத்தம் கேட்டுத்தான் பார்த்தாள், நிறைந்துகொண்டிருப்பது தர்க்யாஸின் கிண்ணம்.

"மொதல்ல அவனுக்கு ஊத்து, வெறச்சுப் போயிருக்கான்" என்றார் மோரூப்.

அப்பாடா, அவரே சொல்லிவிட்டார். ஆனால் அவர் சொல்லி இவள் ஊற்றினாளா, ஊற்றியதைப் பார்த்துவிட்டுச் சொன்னாரா... மோரூப் தன் காலிக் கிண்ணத்தை அவள் பக்கம் மெல்ல நகர்த்திவிட்டு, தம்பி குடிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார்.