வாழைக்கன்றுக்கு ஒரு மாப்பிள்ளை

சரவணகுமார் மாரடைப்பில் செத்தான் என்று எழுதித் தர டாக்டர் பத்தாயிரம் கேட்டார். கடலை மண்டி பொன்னழகு ஏழாயிரத்துக்கு முடித்தார். முப்பது வருஷம் மூட்டைக்கு ஐந்து ரூபாய் குறைத்துப் பழகிய வாய். பெற்ற மகன் கட்டையாகக் கிடக்கும்போதும் அதுபாட்டுக்குப் பேசிவிட்டது.

மகள் ஈஸ்வரி குளிர்பெட்டி மூடியைத் தூக்கி, தம்பியின் சட்டைக் கையைச் சுருட்டினாள். அமராவதிபுதூர் வெயிலில் அவனுக்கு முழுக்கைச் சட்டையைத் தேடிப்பிடித்துப் போட்டுவிட்டவர் தாய்மாமன் சேவுகன். பன்னிரண்டு வருஷ நர்ஸுக்குச் சட்டை ஒரு மறைப்பா? முழங்கை மடிப்பில் இரண்டு ஊசித் தடம். ஒன்று சுத்தமாக இறங்கியிருந்தது. மற்றது நரம்பு கிடைக்காமல் தடுமாறியது, சுற்றிலும் நீலம்.

"மூடு ஆத்தா, சனம் பாக்குது" என்றார் சேவுகன்.

"இது என்ன ஊசி மாமா?"

"காப்பாத்தறதுக்கு டாக்டரு போட்டுருப்பாரு."

"டாக்டரு வந்ததே உசுரு போனப்பறந்தானே?"

சேவுகன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பந்தல்காரனைத் திட்டப் போனார்.

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கதிரவன் நின்றான். சென்னையில் தம்பியோடு நாலு வருஷமாக ஒரே வீடு. ஊருக்கு அவன் 'ரூம்மேட்'. ஈஸ்வரிக்கு விஷயம் தெரியும். தெரியும் என்று அவளும் சொன்னதில்லை, தம்பியும் கேட்டதில்லை.

"ரெண்டு ஊசி இருக்கு" என்றாள்.

"மொதல்லது அவனாக் கேட்டுப் போட்டுக்கிட்டது அக்கா. பொய் சொல்ல மாட்டேன். கொத்தமங்கலத்துல ஒரு பெரிய வீட்டை ரெண்டு நாளைக்கு வாடகைக்கு எடுத்தோம். மொத்தம் அஞ்சு பேரு. மத்த மூணு பேரும் போன் ஆப்புல பழக்கம். அந்தப் போதை மருந்தை ஏத்திக்கிட்டா வெக்கம் தெரியாது, பயம் தெரியாது, விடிய விடிய ஒண்ணா இருக்கலாம்னு..."

"ரெண்டாவது?"

"வேணாம்னான். ரெண்டு தடவை சொன்னான். அப்பறம் மயங்கிட்டான். தெளிய வைக்கிறேன்னு ஒருத்தன் போட்டுட்டான்." கதிரவன் சுவரைப் பார்த்தான். "அதுக்கப்பறமும் அவனை விடலக்கா."

"நீ என்ன பண்ணுன?"

"ஆம்புலன்ஸுக்கு அடிக்கப் போனேன். போனைப் புடுங்கிட்டாங்க. போலீசு வந்தா எல்லாரு வீட்டுக்கும் தெரிஞ்சுரும்னாங்க. எங்கப்பாவை நெனச்சேன். சும்மா இருந்துட்டேன். தண்ணி தெளிச்சுக்கிட்டே இருந்தோம்."

"எம்புட்டு நேரம்?"

"நாலு மணி நேரம்."

"ஆஸ்பத்திரி இருபது நிமிசம்டா."

அவன் அழுதான். அவள் அழவிட்டாள்.

"போலீசுல இதைச் சொல்லுவியா?"

முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நீங்க கூப்புட்டா வாரேன்" என்றான்.

மூன்று மணிக்கு எடுத்துவிடுவார்கள். எரித்துவிட்டால் தடமும் இல்லை, கேள்வியும் இல்லை. வாயைத் திறந்தால் தம்பியின் பெயர் ஊர் வாயில் விழும். அவள் புகுந்த வீட்டுக்கும் நாளைக்கே போய்ச் சேரும்.

கல்யாணமாகாதவனை அப்படியே அனுப்புவது அவர்கள் வழக்கத்தில் இல்லை. பாடைக்குப் பக்கத்தில் ஒரு வாழைக்கன்றை நிறுத்தி மஞ்சள் துணி சுற்றினார்கள். ஏழு பெண்களைத் தட்டிக்கழித்தவனுக்கு எட்டாவது வரன். இந்த முறை இரண்டு பக்கமும் வாய் பேசாது. சேவுகன் மஞ்சள் கயிற்றைச் செத்தவன் விரலில் தொடவைத்துக் கன்றில் ஒரு முடிச்சுப் போட்டார். இன்னொன்றும் போட்டார்.

"வா ஆத்தா. மூணாவது நாத்தனா முடிச்சு. ஒன் உரிமை."

ஈஸ்வரி கயிற்றைத் தொடவில்லை.

"அவன்கிட்டக் கேட்டீகளா மாமா?"

"பொணத்துக்கிட்ட என்னத்தக் கேக்குறது?"

"உசுரோட இருந்தப்ப வேணாம்னான். பேச்சு மூச்சு இல்லாதப்பச் செய்யிறீகளே."

பொன்னழகு முதல்முறையாகத் தலைநிமிர்ந்தார். "ஊரே பாக்குது. முடிச்சைப் போட்டுரு. ஒன் கால்ல விழுகுறேன்."

"விழுகாதீகப்பா."

அவள் போனை எடுத்தாள். "யாருக்குடி?" என்று சேவுகன் கை நீட்ட, அவள் எட்டிப் போனாள். மேளம் நின்றது. காவல் நிலையத்தில் யாரோ ஊரைக் கேட்டார், சொன்னாள். இறந்தவர் பெயரைக் கேட்டார், சொன்னாள். எப்படி என்று கேட்டார்.

"அதைச் சொல்றதுக்கு ஆளு இருக்கு" என்றாள்.

கதிரவன் பந்தலுக்குள் வந்து அவளுக்கு ஓரடி பின்னால் நின்றான். கூட்டம் விலகி வழிவிட்டது, தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்பதுபோல.

கன்றில் முடிச்சு இரண்டு. ஒன்று பாக்கி.