பங்கு போட்ட நிரை

பனி இன்னும் தரையை விட்டு எழும்பவில்லை. மஸ்டரில் பேர் கூப்பிட்டு முடித்ததும் பெண்கள் இடுப்பில் பிளாஸ்டிக் படங்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டு மேட்டில் ஏறினார்கள். ஐம்பத்தேழு வயது மாரித்தாய்க்கு அந்த ஏற்றம் மூச்சு வாங்கும். தேயிலை நிரையில் நின்று கத்தரியை எடுத்துவிட்டால் தோளுக்கு வயசு மறந்துவிடும். வெட்டிய கொழுந்தை முதுகுச் சாக்கில் தட்டிவிட்டு அடுத்த செடிக்குப் போவாள். விரல்கள் விறைத்திருந்தன. அட்டை கடித்த கணுக்காலில் ரத்தம் காய்ந்திருந்தது.

அவளுக்கு வலப்பக்கம் மாரீஸ்வரி. இடப்பக்கம் யாரும் நிற்பதில்லை. அது தங்கச்சி முத்துப்பேச்சியின் நிரை. மூணாறுக்கு மேலே இருக்கும் அந்த எஸ்டேட்டில் ஒரு வழக்கம் உண்டு. கொழுந்து எடுக்கிறவள் செத்துப்போனால் பக்கத்தில் நிற்கிறவர்கள் அவள் நிரையைப் பங்கு போட்டு எடுப்பார்கள். அவர்கள் மனசார விட்டுக்கொடுக்கும் வரை புதுக் கை அதில் இறங்காது. எந்தக் கங்காணியும் இதை மீறியதில்லை. மீறினால் மலையில் ஒருத்தியும் கத்தரியைத் தொட மாட்டாள்.

முத்துப்பேச்சி போய் இரண்டு மழைக்காலம் கழிந்துவிட்டது. மாரித்தாய் இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை. பனி கூடிய காலைகளில் அந்த நிரையில் இன்னொரு கத்தரி வெட்டும் சத்தம் அவளுக்குக் கேட்கும். திரும்ப மாட்டாள். திரும்பினால் தங்கச்சி கேட்டுவிடுவாள் என்று பயம்: "ஏன்க்கா அன்னைக்கு என்னயப் பேசாம இருன்ன?"

"ஏ மாரித்தாய்! மானேஜர் கூப்பிடுதாரு, எறங்கி வா!" சூப்பர்வைசர் அருள்குமார் கீழிருந்து கத்தினான்.

மானேஜர் ஜீப்பை விட்டு இறங்கவில்லை. கண்ணாடியை மட்டும் இறக்கினார்.

"மாரித்தாய்க்கு ரிட்டயர்மெண்ட் எப்போ?"

"வர்ற மார்ச்சுல சார்."

"மருமகளை வேலைக்கு எழுதணும்னு அப்ளிகேஷன் கொடுத்திருக்கே. எழுதினா எஸ்டேட் கொடுத்த லயத்து வீடு உங்களுக்கு. இல்லேன்னா காலி பண்ணணும். மகன், பேத்தி எல்லாரும் எங்கே போவாங்க?"

மாரித்தாய் கையிலிருந்த கொழுந்துக் கறையைப் படங்கில் துடைத்தாள்.

"செல்வலட்சுமி பஞ்சாயத்து மெம்பருக்கு நிற்கிறா. நாமினேஷன்ல முன்மொழிஞ்சு கையெழுத்துப் போட்டது நீ. அது உன் ஒப்பு இல்லேன்னு புகார் போயிருக்கு. இன்னிக்குப் பதினொரு மணிக்குப் பஞ்சாயத்து ஆபீஸ்ல பரிசோதனை. என் ஒப்பு இல்லேன்னு ஒரு வார்த்தை சொல்லு, போதும்."

"போட்டது நான்தான சார்?"

"அது உனக்கும் எனக்கும் தெரிஞ்சா மதி, போதும்."

"மேல லயத்துக்குப் பொறத்தால மண்ணு வெடிச்சிருக்கு சார். கீழ லயம் போன மாதிரி இதுவும் போயிருமேன்னுதான் அந்தப் பிள்ள நிக்கி."

"அதெல்லாம் பார்க்கலாம். எலெக்‌ஷன் முடியட்டும்."

மாரித்தாய் இதை முன்பே கேட்டிருக்கிறாள். இதே வார்த்தை. கீழ லயத்துக்கு மேலே வெடிப்பு விட்டபோதும் ஒரு தேர்தல்தான் நடந்துகொண்டிருந்தது. வில்லேஜ் ஆபீசுக்குப் போவோம் என்று முத்துப்பேச்சி பத்துப் பேரைக் கூட்டினாள். எலெக்‌ஷன் முடியட்டும், இப்போது வாயைத் திறந்தால் லயத்தையே பூட்டிவிடுவார்கள் என்று அருள்குமார் வந்து சொன்னான். பயந்துபோய்த் தங்கச்சியின் கையைப் பிடித்து நிறுத்தியது மாரித்தாய்தான். தேர்தல் முடிந்தது. ஆடி மழையில் மலை இறங்கியது. முத்துப்பேச்சியோடு சேர்த்து ஐந்து பேரைப் பிணமாகத் தோண்டி எடுத்தார்கள்.

அந்தத் தேர்தலிலும் அவள் பழைய கொடிக்குத்தான் குத்தினாள். அப்பன் காலத்திலிருந்து வீட்டு ஓட்டு அந்தக் கொடிக்குத்தான். வீடு கட்டித் தருவோம் என்று வருகிறவரும் அந்தக் கொடியின் மெம்பர்தான், வேறு பக்கம் குத்தினால் இருக்கிற வீடும் போய்விடும் என்று சொல்லிவிட்டுப் போகிறவரும் அவர்தான். ஆசை காட்டி ஒரு தரம், பயம் காட்டி ஒரு தரம் என்று நாற்பது வருஷம் ஓட்டிவிட்டார்கள்.

மானேஜரை எஸ்டேட் ஆபீசில் இறக்கிவிட்டு, ஜீப் அவளை ஏற்றிக்கொண்டு இறங்கியது. வழியில் கீழ லயம் இருந்த இடம். சிவந்த மண் மேட்டில் புல் முளைத்துவிட்டது. ஒரு வீட்டின் வாசற்படி மட்டும் வெளியே தெரிந்தது. முத்துப்பேச்சியின் படி அது. ஜீப் கடந்து போகும் வரை அவள் கண்ணை மூடிக்கொண்டாள். மூடினாலும் கத்தரிச் சத்தம் விடவில்லை.

பஞ்சாயத்து ஆபீசில் கூட்டம். பழைய மெம்பரின் ஆட்கள் முன்னால் நின்றார்கள். செல்வலட்சுமி சுவரோரம் நின்றாள். அவளும் கொழுந்து எடுக்கிறவள்தான். மாரித்தாய் எதற்காக அழைத்து வரப்பட்டிருக்கிறாள் என்று அவளுக்குத் தெரியும். கண் பட்டால் கெஞ்சியதாக ஆகிவிடுமோ என்று தலையைக் குனிந்துகொண்டாள்.

தேர்தல் நடத்தும் வரணாதிகாரி அம்மா தாளைத் திருப்பி வைத்தார். "இது நிங்க ஒப்புதானா?"

பேத்தியின் முகம் வந்தது. மார்ச் மாத வெயிலில் சாமான்களோடு ரோட்டில் நிற்பது வந்தது. அந்த அறைக்குள், அவளுக்கு இடப்பக்கம், கறுக் கறுக்கென்று ஒரு கத்தரி. இந்த முறை மாரித்தாய் திரும்பிப் பார்த்தாள். அங்கே யாரும் இல்லை.

"என் ஒப்புதான்மா. சந்தேகமிருந்தா இன்னொருக்கப் போட்டுக் காட்டுதேன்."

பேனாவை வாங்கினாள். சாட்சரதா எழுத்தறிவு வகுப்பில் தங்கச்சியோடு ஒரே பலகையில் எழுதிப் பழகிய எழுத்து. எழுத்து நடுங்கவில்லை. அதிகாரி இரண்டையும் ஒத்துப் பார்த்துவிட்டு நாமினேஷனை ஏற்றுக்கொண்டார். செல்வலட்சுமி ஓடி வந்து அவள் கையை இறுகப் பிடித்தாள்.

வீரமெல்லாம் ஆபீஸ் வாசலோடு சரி. ஜீப் காத்திருக்கவில்லை. பஸ் பிடித்து, இறங்கி நடந்து, மாரித்தாய் மலையேறினாள். மகனிடம் என்ன சொல்வது? வீடு போயிற்று என்றா?

மேட்டுக்கு வந்ததும் திக்கென்று நின்றுவிட்டாள்.

அவள் நிரை வெட்டப்பட்டிருந்தது. வலப்பக்கமிருந்து பாதி, இடப்பக்கமிருந்து பாதி, நடுவில் கோடு தெரிய. செத்தவள் நிரையை எடுக்கிற மாதிரியே எடுத்திருந்தார்கள்.

"அடியே, என்னடி செஞ்சீக? நான் உசுரோடதான இருக்கேன்?"

மாரீஸ்வரி கத்தரியைக் கீழே வைத்தாள். "செல்வலட்சுமி போன் போட்டுச் சொன்னா மதினி. அடுத்த நிமிசமே இந்த அருள்குமார் வந்து ஒங்க நெரயப் புடுங்கிப் புதுப் பிள்ள லிஜிக்குக் குடுத்தான். அதான் பங்கு போட்டுட்டோம். நாங்க விட்டுக்குடுக்காம எவளும் எறங்க முடியாதுல்ல?"

"அப்ப நான் செத்தவளாடி?"

"செத்தவளுக்கு இனி என்னத்தக் காட்டி பயங்காட்டுவாக மதினி?"

யாரோ சிரித்தார்கள். மாரித்தாய்க்கு அழுகைதான் வந்தது.

இடப்பக்கப் பாதியை வெட்டியது யார்? பார்த்தாள். முத்துப்பேச்சியின் நிரைக்குள் லிஜி நின்றுகொண்டிருந்தாள். கல்யாணமாகி வந்து நாலு மாதமாக நிரையில்லாமல் அலைகிறவள். இன்று கிடைத்த நிரையை வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாள்.

"ஒங்ககிட்டக் கேக்காம சின்னத்த நெரயில எறங்கிட்டேன் பெரியத்த. இங்க நின்னாத்தான் ஒங்க நெர எட்டிச்சு."

கீழே ரோட்டிலிருந்து அருள்குமார் கத்தினான். "எல்லார் பேரும் எழுதியிருக்கேன்! நாளைக்கு மஸ்டர்ல தெரியும்!"

"எழுதிக்கோ!" என்றாள் மாரீஸ்வரி. "ஒரு பேரும் விட்டுறாத. நாளைக்கு எல்லாரும் சேந்துதான் வருவோம்."

ஓட்டுப் போட இன்னும் நாள் கிடக்கிறது. வீடு இருக்குமா என்று யாருக்கும் தெரியாது. மேல லயத்து வெடிப்பு அப்படியேதான் வாயைத் திறந்துகொண்டிருக்கிறது. மாரித்தாய் தன் கத்தரியை எடுத்துக்கொண்டு நிரைக்குள் இறங்கினாள். பனி மறுபடி ஏறிக்கொண்டிருந்தது. இடப்பக்கம் கத்தரிச் சத்தம் கேட்டது. திரும்பினாள். லிஜி கைநிறையக் கொழுந்தோடு நின்றாள்.

"இனி அது ஒன் நெரம்மா. நாளைக்கும் அங்கயே நில்லு" என்றாள் மாரித்தாய்.