மூன்றாம் கூடத்துக் குரல்

அருங்காட்சியகத்தில் கூட்டித் துடைக்கும் அவளுக்கு எல்லோரும் வைத்த பெயர் வாயில்லாப்பூச்சி. வாயைத் திறந்தால் உச்சரிப்பு காட்டிக்கொடுத்துவிடுமே! மலைக்கு அந்தப் பக்கத்து ஆள் என்று தெரிந்தால் வேலை போகும், வீடு போகும், பிறகு ஆளே போய்விடும். நாட்டைப் பிடித்தவர்கள் மலைமொழியில் முனகியவர்களைக்கூட லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவளுடைய அக்காவும் அப்படிப் போனவள்தான். இருக்கிறாளா இல்லையா, ஒரு தகவலும் இல்லை.

அந்த அக்காவின் குரல் போன மாதம் மூன்றாம் கூடத்துக்கு வந்து சேர்ந்தது.

‘அழிந்துபோன மலைமக்கள்’ என்று பலகை. கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பழைய கதவு, பக்கத்தில் ஒரு ஸ்பீக்கர். பொத்தானை அமுக்கினால் அக்கா மலைமொழியில் கேட்பாள்: "வெளிய யாரு?" பிறகு ஒரு தாலாட்டு. அர்த்தம் எங்கேயும் எழுதவில்லை. வேடிக்கை பார்க்க வந்தவர்களுக்கு அது ஏதோ பறவைச் சத்தம்.

மலைவீடுகளில் உள்ளேயிருந்து அப்படிக் கேட்டால், வெளியே நிற்கிற ஒவ்வொருவரும் "நான்தான், உசுரோட வந்திருக்கேன்" என்று சொல்லியாக வேண்டும். கடைசி ஆள் சொன்ன பிறகுதான் தாழ்ப்பாள் விலகும். செத்தவர்கள் கேட்டால் மட்டும் பதில் கிடையாது. அதாவது, பதில் சொல்லாமல் நகர்ந்தால் கேட்டவரைக் குழியில் இறக்கியாயிற்று என்று பொருள்.

அவள் தினமும் நகர்ந்தாள். ஒவ்வொரு முறையும் அக்காமேல் ஒரு பிடி மண் விழுந்தது.

நாளாக ஆக, கேள்விக்கும் தாலாட்டுக்கும் நடுவே இருந்த மௌனம் நீண்டது. பிறகு தாலாட்டே வரவில்லை. கேள்வி மட்டும், பொத்தானை யாரும் தொடாமலே.

"உங்க ஸ்பீக்கர் பெட்டி என் மாமியார் மாதிரி சார். பதில் சொல்ற வரைக்கும் விடாது" என்று டிக்கெட் கவுண்டரில் இருந்தவள் சிரித்தாள்.

சூப்பர்வைசருக்குச் சிரிப்பு வரவில்லை. மலைமொழியில் முணுமுணுத்ததாக இரண்டு பேரைப் பிடித்துக் கொடுத்த மனிதர் அவர். "மெக்கானிக் ஒரு கோளாறும் இல்லைங்கிறான். கழட்டி எரிச்சிடச் சொல்லி மேலிடத்து உத்தரவு. ஒயரைப் பிடுங்கும்மா" என்றார்.

பிடுங்கினாள். பிளக் அவள் கையிலேயே இருந்தது.

"வெளிய யாரு?"

இன்னும் கொஞ்ச நேரத்தில் குரல் சாம்பலாகிவிடும். இப்போதும் நகர்ந்தால், அக்காவைக் கடைசியாகப் புதைத்தது லாரிக்காரன் இல்லை, தங்கைதான்.

"நான்தான்க்கா" என்றாள் மலைமொழியில். "உசுரோட வந்திருக்கேன்."

சூப்பர்வைசர் சட்டென்று திரும்பினார். போயிற்று, எல்லாம் போயிற்று என்று அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஏன்டி இவ்ளோ நேரம்?" என்றது குரல். "சரி, உன் பின்னாடி யாரு?"

அவள் கண்ணைத் திறந்தாள். சூப்பர்வைசர் முகத்தில் ஈயாடவில்லை. கூடத்தின் கதவைச் சாத்தித் தாழ்போட்டார்.

"என்னை... என்னைக் கேக்குது" என்றார்.

"உங்களுக்கு எப்படி சார் புரிஞ்சுது?"

அவர் வாய் கோணியது. அத்தனை வருஷமாகத் தொண்டையில் அடைத்து வைத்திருந்தது, அவளுடையதைவிட அழுத்தமான மலை உச்சரிப்பில், அழுகையோடு பீறிட்டது.

"நான்தான். நானும் உசுரோட வந்திருக்கேன்."

கண்ணாடிக்குப் பின்னால், ஆணி அடித்து நிறுத்தியிருந்த அந்தப் பழைய கதவு ஒருமுறை கிறீச்சிட்டது. திறக்கவில்லை.

"இன்னும் ஒருத்தர் பதில் சொல்லலியே" என்றது குரல்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தாழிட்ட கதவுக்கு வெளியே, கவுண்டரில் சிரிப்பு நின்றிருந்தது. அவளுக்கு அப்போதுதான் உறைத்தது: அந்தப் பறவைச் சத்தம் ஒரு கேள்வி என்று டிக்கெட்காரிக்கு யார் சொன்னது?

தாழ்ப்பாளுக்கு அந்தப் பக்கம் ஒரு செருப்புச் சத்தம் மெல்ல நெருங்கி வந்து நின்றது.