திடகாத்திரமானவர்

செலண்டார் பக்கத்தில் எங்கள் ரப்பர் தோட்டத்து லய வீடுகளைச் சுற்றி, காட்டிலிருந்து கம்யூனிஸ்டுக்காரர்கள் வராமலிருக்க, முள்கம்பி வேலி போட்ட மாதமே, டவுன் பள்ளிக்கூடத்துக்குப் போகும் லோரி நின்றுவிட்டது. நானும் நின்றுவிட்டேன்.

ஒருநாள் காலைப் பிரட்டில், வேலைக்குப் பேர் கூப்பிட்டு முடித்ததும், ஆபீசில் கணக்கெழுதும் கிராணி தம்புசாமி, வெள்ளைக்காரத் துரையின் உத்தரவை இங்கிலீஷில் வாசித்துத் தமிழிலும் சொன்னார். ‘ஏபிள்-பாடிட்’ ஆண்கள் எல்லாரும் முறைவைத்து இரவில் வேலியைக் காவல் காக்க வேண்டும்.

“அப்படின்னா என்னங்கய்யா?” என்றார் அப்பா.

“திடகாத்திரமானவன். கைகால் நல்லா இருக்கிறவன்லா.”

“அப்ப நான் இல்லீங்க. எம் பொண்டாட்டிய வேணும்னா கேட்டுப் பாருங்க,” என்றார் பக்கத்து வீட்டு நாகமுத்து மாமா.

கூட்டம் சிரித்தது. அப்பாவும் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். மழைக்காலத்திலிருந்தே அவருக்கு நெஞ்சில் கோளாறு. தனக்குப் பிரித்துவிட்ட ரப்பர் மரங்களில் பாதியைப் பால் வெட்டுவதற்குள் மூச்சு வாங்கும். தூக்கமும் போனால் தாங்கமாட்டார்.

“போய் முடியாதுன்னு சொல்லுய்யா,” என்று அம்மா துரத்தினாள். இங்கிலீஷ் படித்தவள் என்று என்னையும் கூட்டிக்கொண்டு அப்பா ஆபீசுக்குப் போனார். நான் கதவோரமே நின்றேன்.

கிராணி கெட்டவர் இல்லை. அப்பாவின் மூச்சு அடங்கும்வரை பொறுத்திருந்தார்.

“முடியாதுன்னு சொல்லிடலாம், வீராசாமி. தொரையும் ஒத்துக்குவாரு. ஆனா, ஏபிள்-பாடிட் இல்லாதவனுக்கு வெட்டுமரம் எதுக்குன்னு அடுத்துக் கேப்பாரு. மரம் போனா லயத்து வீடும் போயிடும்.”

“புல்லு வெட்டப் போட மாட்டீங்களா?”

“அதுக்கும் அதே மாதிரி ஆளத்தான்லா கேக்குறாங்க.”

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். காவலுக்கு ஆள் பிடிக்கவும் அந்தச் சொல்தான், வீட்டை விட்டு அனுப்பவும் அந்தச் சொல்தான்.

“அப்ப நான் அதுதாங்கய்யா,” என்றார் அப்பா. “எம் பேரச் சேத்துக்குங்க.”

முதல் காவல் முடிந்து, வேலிக் கதவு திறந்ததும், அவர் நேராகப் பால் வெட்டுக்கு வந்தார்; நானும் கூட வந்தேன். இரண்டு மூன்று மரம் வெட்டியவர், பட்டையில் நெற்றியைச் சாய்த்து நின்றுவிட்டார். அம்மாவுக்குப் பால் வெட்டில் உதவி செய்து பழகியவள்தான் நான். அவர் கையிலிருந்து கத்தியை வாங்கிக்கொண்டேன். தடுக்கவில்லை. மரத்தடியில் உட்கார்ந்தார்.

“ஆழமா வெட்டாத, மரம் புண்ணாயிடும்,” என்றார், கண்ணைத் திறக்காமலே.

வேலையை மேற்பார்க்க வந்த கங்காணி சைக்கிளை நிறுத்தி அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“சீக்கிரம் வெட்டு புள்ளே, வெயில் ஏறுது,” என்று சொல்லிவிட்டு அடுத்த நிரை மரங்களுக்குப் போனார்.