அத்தானின் ஜீப் மூன்று அங்குலம் உயர்ந்தது

1

உடையார்கட்டிலிருந்து ஓமந்தை வரைக்கும் ஒரு புருசனும் பெண்சாதியும் பக்கத்துப் பக்கத்தில் இருந்து கதைத்துக்கொண்டு போவதன் விலை நாலு லட்சத்து எண்பதாயிரம் ரூபா. சாமான் கடையும் கராச்சும் சேர்த்து முதலில் ஐந்தரை சொன்னவர்கள்; பேசிக் குறைத்தவன் நான். ஒரு திருத்தம்: அந்தக் காசு அதை வாங்குவதற்குக் கொடுத்ததல்ல. இருந்ததை இல்லாமல் ஆக்குவதற்குக் கொடுத்தது.

இந்தக் கதை பிறந்த இடம் வவுனியா பஸ்ஸின் கடைசி சீற். என் பக்கத்தில் அக்கா விமலேஸ்வரி, மடியில் பேத்திக்கென்று ஒரு பை முறுக்கு. பின்கண்ணாடிக்கு வெளியே அத்தான் பரமலிங்கத்தின் ஜீப். பஸ் ஓடினால் அதுவும் ஓடும், பஸ் நின்றால் அதுவும் நிற்கும். ஒட்டுசுட்டானில் பஸ் நின்றபோது அத்தான் ஓடிவந்து யன்னலுக்குள்ளால் ஒரு சோடாப் போத்தலை நீட்டினார்.

"விடாய்க்குமெண்டு வாங்கினனான்..."

"எனக்கு விடாய்க்கேல்லை. குலுங்கிக் குலுங்கி வாறது நீங்கள். நீங்களே குடியுங்கோ."

கொண்டக்டர் எட்டிப் பார்த்தார். "அம்மா, ஐயாவுக்கும் ஒரு ரிக்கெற் கிழிக்கட்டோ? ஒவ்வொரு தரிப்பிலயும் ஏறுற மாதிரியே வாறார்."

பஸ் முழுக்கச் சிரித்தது. அக்காவும் சிரித்தா. அத்தான் போத்தலோடு வெயிலில் நின்றார். அந்த முகத்தைப் பார்த்துத்தான் எழுத உட்கார்ந்தேன்.

(இது முழு உண்மையில்லை. மிச்சம் ஐந்தாம் பகுதியில் இருக்கிறது. இப்போதே அங்கே தாவ வேண்டாம். கடைக்குள் வந்தவுடன் உள்ளறையைத் திறந்து காட்டுகிற வழக்கம் எங்களிடம் இல்லை.)

2

முதல் தொடக்கம்: "வன்னியின் செம்மண் புழுதிக்குள் சூரியன் மெல்ல—" நிறுத்தினேன். இவர்கள் போகிற வீதி தார் போட்ட வீதி. புழுதி வேண்டுமென்றால் நான்தான் சாக்கில் கொண்டுபோய்க் கொட்டவேண்டும்.

இரண்டாம் தொடக்கம்: "பரமலிங்கம் மிக நல்ல மனிதர். அவர்—" இதுவும் வேண்டாம். நான் வளர்ந்தது கிளிநொச்சிச் சந்தையில், அப்பாவின் கடையில். 'மிக நல்ல கத்தரிக்காய்' என்று கூவினால் சனம் முதலில் புழுவைத்தான் தேடும்.

மூன்றாவது தொடக்கம் அலங்காரம் இல்லாதது. அத்தானின் வயல் ஒரு வாய்க்காலுக்கு அப்பால் இருக்கிறது. மாரியில் வாய்க்கால் பாலத்துக்கு மேலால் தண்ணீர் போகும். போன மாரியில் ஜீப் நடுப்பாலத்தில் தண்ணீர் குடித்து நின்றது. பக்கத்து வயல் ஏரம்பு தன் உழவு இயந்திரத்தால் கட்டி இழுத்தார். இழுத்ததற்குக் கூலி வாங்கவில்லை. அதற்குப் பதிலாக மூன்று கிராமத்துக்குக் கதை சொன்னார். கூலி வாங்கியிருந்தால் மலிவாக முடிந்திருக்கும்.

ஜீப்பை உயர்த்துவது என்று அத்தான் முடிவெடுத்தது அப்போதுதான். உயரமான புதுச் சுருள்வில்லு, குலுக்கலைத் தாங்க நீளமான புதுச் சொக்கப்சோபர்; அந்த நாலு லட்சத்து எண்பதாயிரம் போனது இதற்குத்தான். மூன்று அங்குலம் மேலே போனால் தண்ணீர் கீழே போகும். கணக்குச் சரி. இந்த மாரியில் ஜீப் பாலத்தைத் தாண்டியது, ஏரம்பு கரையில் நின்று கை காட்டினார், அத்தான் கோர்ன் அடித்தார்.

ஆனால் ஜீப் வயலுக்கு மட்டும் ஓடுகிற வாகனம் இல்லை. ஒவ்வொரு ஞாயிறும் அத்தானும் அக்காவும் ஓமந்தையில் இருக்கும் மகள் தேனுகா வீட்டுக்குப் போவார்கள். இரண்டு மணித்தியாலம். வீட்டில் தண்ணீர் மோட்டர், மாடு, தொலைக்காட்சி, அயல்வீட்டு வழக்கு; ஒருவர் சொல்வது மற்றவருக்குப் பாதிதான் கேட்கும். அவர்களுடைய பாராளுமன்றம் கூடுகிற இடம் ஜீப்பின் முன்சீற். எந்த நெல்லு விதைப்பது, யாரோடு கோபம், யாரோடு கோபத்தை முடிப்பது, எல்லாம் அங்கேதான் நிறைவேறும். கலியாணம் கட்டி முப்பத்தொரு வருசமாக, எங்கே போனாலும், இப்படித்தான். ஜீப்புக்கு முன் மோட்டார் சைக்கிளில்.

3

உயர்த்திய பிறகு வந்த முதல் ஞாயிறு. அக்காவின் வாக்குமூலத்தை அப்படியே தருகிறேன்:

"தெருவில கிடக்கிற கல்லெல்லாம் எனக்குப் பேர் சொல்லிக்கொண்டு வருது, தம்பி. பள்ளம் வந்தா இடிக்குது, சரி. பள்ளம் இல்லாத இடத்திலயும் இடிக்குது. நான் 'தேனுகா' எண்டு சொல்ல வெளிக்கிட்டா 'தே' புதுக்குடியிருப்பில, 'னுகா' ஒட்டுசுட்டானில."

ஒட்டுசுட்டானில் அவா இறங்கிவிட்டா. "இஞ்சருங்கோ, இது வாகனமில்லை, நெல்லுக் குத்துற மிசின். நான் அரிசியில்லை." பின்னால் வந்த பஸ்ஸில் ஏறினா. அதிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் பஸ்தான்.

ஊர் முழுக்க ஆலோசனை. ரயர் காற்றைக் குறைக்கச் சொன்னார்கள், நானும் சேர்ந்து சொன்னேன். குறைத்தோம், இடி கொஞ்சம் தணிந்தது. பாரம் ஏற்றினால் வில்லு அமரும் என்றேன் நான். ஆறு மூட்டை நெல்லை ஏற்றினோம். மூட்டையோடு வெளிக்கிட்டால் வழியெல்லாம் நெல் வியாபாரிகள் கை காட்டி மறித்து விலை கேட்டார்கள். அத்தான் இரண்டு ஞாயிறு நெல்லை ஓமந்தைக்குக் கொண்டுபோய், அதற்குப் பேத்தியைக் காட்டி, திருப்பிக் கொண்டுவந்தார். இடி நிற்கவில்லை.

மூன்றாம் ஞாயிறு அத்தான் என்னிடம் சொன்னார்: "மனுசி ஏறாட்டி இதை வைச்சிருந்து என்ன? முள்ளியவளை ஐயாத்துரை கேட்டவர். குடுக்கப்போறன்."

"அப்ப மாரியில வயலுக்கு?"

"ஏரம்பு இருக்கிறார்தானே, இழுக்க."

இதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை. நீங்களும் சிரிக்கவேண்டாம்.

4

இங்கே கதைக்கு ஒரு கள்ளன் தேவைப்பட்டான். ஜீப்பை உயர்த்திக் கொடுத்த மெக்கானிக் மாயாண்டியைப் பிடித்தேன். ஓமந்தையில், பஸ் தரிப்புக்கு எதிரே கராச். தகப்பன் மலையகத்திலிருந்து வந்து காடு வெட்டிக் கமம் செய்தவர்; மகன் இயந்திரத்தோடு கமம் செய்கிறார். எழுதினேன்:

"மாயாண்டியின் கண்ணில் ஒரு தந்திரம் மின்னியது. புதுச் சாமானைக் கழற்றிப் பழசைப் போட்டுவிட்டு அவர்—"

அக்காவுக்கு வட்ஸ்அப்பில் அனுப்பினேன். பத்து நிமிசத்தில் அழைப்பு வந்தது.

"டேய், அந்த மனுசனை என்னத்துக்குக் கள்ளன் எண்டு எழுதியிருக்கிறாய்?"

"கதை அக்கா. சும்மா ஒரு விறுவிறுப்புக்கு."

"ஜீப்பை உயர்த்தின அண்டைக்கு அத்தானோட கராச்சுக்குப் போனது ஆர்?"

"நான்தான்."

"அப்ப நீ எங்க இதில? ஒரு வரியிலயும் காணேல்லை."

"எழுதுறவன் கதைக்குள்ள வரமாட்டான் அக்கா. வெளியில நிண்டு பார்ப்பான்."

"ஏன், கதைக்குள்ளயும் குலுக்குமோ?"

போனை வைத்துவிட்டா. மேலே அந்த வரியை அழிக்காமல் விட்டிருக்கிறேன். பழுதான தேங்காயைக் கடைக்கு முன்னால் வைத்தால்தான் மற்றத் தேங்காயை நம்புவார்கள்.

5

உள்ளறையைத் திறக்கிறேன்.

அன்று வியாழக்கிழமை, மதியம் ஒன்றேகால். ஜீப்பை ஜக்கில் தூக்கி வைத்திருந்தது, நாலு சில்லும் அந்தரத்தில். சில்லுகளைப் பிடித்திருக்கும் கீழ்ச் சட்டங்களின் எட்டு நட்டையும் மாயாண்டி கையால் மட்டும் பூட்டிவிட்டுத் துணியில் கை துடைத்தார்.

"அம்புட்டுதாங்க இன்னைக்கு. தரையில எறக்கி ஒரு ராத்திரி நிக்க விடணும். நாளைக்கு ஆளுங்க ஒக்காந்து, பாரத்தோட வச்சித்தான் இறுக்கணும்."

"அப்ப நாளைக்கும் கூலியோ?" என்றேன். அப்பாவின் கடை என் வாயால் பேசியது.

"நாளைக்கு வேலன்னா நாளைக்குக் கூலிதானே, ஐயா."

ஒரு நாள் கூலி. பெரிய தொகையில்லை. ஆனால் பேசாமல் விட்ட தொகையை எங்கள் வீட்டில் தொலைத்த தொகை என்போம். மணிக்கூட்டைப் பார்த்தேன். ஆயுதம் கிடைத்தது.

"ஒண்டரைக்கு ராகுகாலம். நாளைக்கு அத்தானுக்குச் சந்திராட்டமம், வாகனத்தில கை வைக்கவே கூடாது. இப்பவே இறுக்கி இறக்குங்கோ."

அடிக்குறிப்பு: வியாழன் ராகுகாலம் ஒன்றரைக்கு என்பது உண்மை. சந்திராட்டமம் என் சொந்தத் தயாரிப்பு. பஞ்சாங்கத்தை நான் விரித்தே பார்க்கவில்லை.

மாயாண்டி அத்தானைப் பார்த்தார். அத்தான் ஊதுவர்த்தி கொளுத்தாமல் சாவி திருப்பாத மனுசன். "தம்பி சொல்லுறது சரி. இறுக்குங்கோ," என்றார். மாயாண்டி வேண்டாமென்று இரண்டு தரம் சொன்னார், மூன்றாம் தரம் சொல்லவில்லை. எட்டு நட்டும் அந்தரத்திலேயே இறுகின. ஒன்று இருபத்தொன்பதுக்குச் சில்லு நிலம் தொட்டது. வழியில் இடித்ததைப் புதுச் சாமான் இளகும் என்று விட்டுவிட்டு, வீடு வரும்வரை அத்தான் என்னைப் புகழ்ந்துகொண்டு வந்தார்.

பிறகு இடி நிற்காதபோது நான் காற்றைக் குறைக்கச் சொன்னதும் நெல்லு ஏற்றச் சொன்னதும் ஏன் என்று இப்போது விளங்கும். மாயாண்டியிடம் போனால் அவர் முதல் வாக்கியத்திலேயே என்னைச் சொல்லிவிடுவார்.

அக்கா போனை வைத்த அன்றைக்கே அத்தானிடம் போய் எல்லாம் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றுதான். "அப்ப அண்டைக்கு எனக்குச் சந்திராட்டமம் இல்லையோ?" என்றார். "இல்லை அத்தான்." "நல்லகாலம்," என்றார். அந்த மனுசனை வைத்துக்கொண்டு ஒரு சண்டைக் காட்சிகூட எழுத ஏலாது.

6

அத்தானும் நானும் கராச்சுக்குப் போனோம், மாயாண்டி விளக்கினார். சட்டம் பூட்டுகிற இடத்தில் ஒரு இறப்பர் உருளை இருக்கிறது. சில்லு மேலும் கீழும் போக அந்த இறப்பர்தான் முறுகிக் கொடுக்கும். சில்லுத் தொங்கும்போது நட்டை இறுக்கினால், தொங்குவதுதான் தன் இருப்பு என்று இறப்பர் நினைத்துவிடும். நிலத்தில் இறக்கியதும் முறுகியபடியே நிற்கும். பள்ளம் வரும்போது முறுக இடமிராது.

"கழுத்தத் திருப்பி வச்சிக்கிட்டே மாவுக்கட்டுப் போட்டாப்ல," என்றார். "ஆள் உயிரோடதான் இருப்பான். நேரா பாக்க மாட்டான்."

"இறப்பர் பழுதோ?"

"இன்னும் இல்ல. எட்டையும் தளத்தி, தரையில வச்சி, வழக்கமா ஒக்கார்ற ஆளுங்க ஒக்காரணும். அப்புறம் இறுக்கணும்." கொஞ்சம் யோசித்து, "வழக்கமா முன்னால ஒக்கார்ற அம்மாவும்தான்," என்றார்.

அவருக்குச் சேரவேண்டிய இரண்டாம் நாள் கூலியைக் கேட்டேன். எவ்வளவு என்று அவர் சொன்னதும் சரி என்றேன். என் வாழ்க்கையில் முதல் தடவை, பேரம் பேசாமல் எண்ணிக் கொடுத்தேன்.

இனி முடிவுகள். முதலாவது: அக்கா ஏறுகிறா, ஜீப் தொட்டில்போல ஆடுகிறது, முறுக்குப் பை பிரிகிறது, எல்லாரும்— இது விளம்பரம். கழித்துவிட்டேன்.

இரண்டாவது: ஐயாத்துரை வந்து ஜீப்பை வாங்குகிறார். இதை எழுதவே மாட்டேன். ஐயாத்துரை என்னைவிட நன்றாகப் பேரம் பேசுவார்.

மூன்றாவதை நான் எழுதவில்லை, பார்த்தேன். பார்த்த அளவுக்குத் தருகிறேன்.

7

ஞாயிறு காலை பத்தரை. ஜீப் கராச்சின் வேலைக்குழிக்கு மேல், நாலு சில்லும் நிலத்தில். குழிக்குள் மாயாண்டி. ஓட்டுநர் சீற்றில் அத்தான். பின்னால் நான், ஞாயிறு சாமான்களோடு. வவுனியா பஸ் எதிரே நின்றது. அக்கா குடையோடு இறங்கினா. நேற்று தொலைபேசியில் எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன். வருவதாகவும் அவா சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

கராச் வாசலில் நின்று குழியைப் பார்த்துக் கேட்டா: "எவ்வளவு நேரம் இருக்கவேணும்?"

"அஞ்சு நிமிசங்கம்மா. மத்ததெல்லாம் முடிஞ்சிச்சி. ஒங்க பக்கத்து நட்டு ஒன்னுதான்."

"இருந்தவுடன ஓட வெளிக்கிடுவாரோ?"

"சாவி எங்கிட்ட இருக்கு."

"அப்ப சரி," என்றபடி கிட்ட வந்தா. கதவைத் திறந்தா. படியைப் பார்த்தா. மூன்று அங்குலம் என்பது கடையில் சிறிய சொல். அக்கா கட்டையான ஆள்.

"இதில என்னண்டு ஏறுறது? ஏணி வைச்சோ?"

அத்தான் உடனே இறங்கப் பார்த்தார்.

"எறங்காதீங்க!" குழிக்குள்ளிருந்து சத்தம். "பாரம் மாறிரும்! பின்னால ஐயா, நீங்களும் அசையாதீங்க!"

அத்தான் பாதி எழும்பி, திரும்ப இருந்தார். பிறகு இடப்பக்கச் சீற்றுக்குக் குறுக்காகச் சரிந்து, எட்டியவரைக்கும் கையை நீட்டினார்.

"இஞ்சரும், இதைப் பிடியும்."

அக்கா குடையை மடித்தா. கையைப் பார்த்தா, அவர் முகத்தைப் பார்த்தா. "நீங்கள் இழுக்க, நான் விழ, இவன் அதையும் எழுத..." என்றா. வாய் ஓரத்தில் சிரிப்பு இருந்ததா என்று எனக்குத் தெரியாது. பின்சீற்றில் அசையக்கூடாத ஒருவனுக்குத் தெரிகிற அளவுதான் தெரிந்தது. எதிரே பஸ் இன்னும் கிளம்பவில்லை. கொண்டக்டர் மிதிபலகையில் நின்று இங்கேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த இடத்தில் நான் நிறுத்துகிறேன். ஒருமுறை அவசரப்பட்டு இறுக்கிப் பட்டது போதும். உங்களுக்குத் தெரிந்த பெண்சாதி, உங்களுக்குத் தெரிந்த புருசன், உங்களுக்குத் தெரிந்த தெரு. மிச்சத்தை நீங்களே ஆறுதலாகப் பாருங்கோ. கணக்கை மட்டும் ஒப்படைக்கிறேன்:

தளர்த்திய நட்டு எட்டு.
இறுக்கியது ஏழு.
நீட்டிய கை ஒன்று.
மிச்சம், ஒரு நட்டும் ஒரு கையும்.