வாடகையோடு ஏறிய வீடு

கிளியூர் சாலையோரம் மாதேஸ்வரன் வாடகைக்கு விட்டிருந்த ஓட்டு வீடு, அவர் முதல் தடவை வாடகையை ஏற்றிய அன்று காலை தரையிலிருந்து ஒரு முழம் மேலே ஏறியது. உள்ளே குடியிருந்த ஸ்டெஃபி பால் பாக்கெட் எடுக்கக் கதவைத் திறந்து காலை வைத்தாள், வாசற்படி காலுக்கு எட்டவில்லை. மஞ்சக்குட்டைக்கு ஷேர் ஜீப் ஓட்டும் அவள் கணவன் ஜெப்சன், ஹாலோபிளாக் கல் சிலவற்றை அடுக்கிப் படி செய்து கொடுத்துவிட்டு வண்டிக்குப் போனான். அக்கம்பக்கத்தில் யாரும் அதைப் பெரிதுபடுத்தவில்லை. அந்த வருஷம் ஏற்காட்டில் எல்லாமே ஏறிக்கொண்டுதான் இருந்தது.

அடுத்த சீசனுக்கு மாதேஸ்வரன் மறுபடி ஏற்றினார். வீடு ஜீப்பின் கூரை உயரத்துக்குப் போனது. ஏணியை அவரே கொண்டுவந்து சாத்தினார், அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. மூன்றாவது தடவை வீடு சில்வர் ஓக் மரத்தின் முதல் கிளையைத் தாண்டியதில் தண்ணீர்க் குழாய் அறுந்தது. நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்த ஸ்டெஃபி, குடத்தைக் கயிற்றில் கட்டி இழுத்து இழுத்து வெறுத்துப்போனாள். குழாயையாவது நீட்டித் தரும்படி கேட்டதற்கு அவர் கீழே நின்று அண்ணாந்து பார்த்துச் சிரித்தார்.

"ஏங்கண்ணு, இப்ப அங்கிருந்து ஏரி தெரியுதில்ல? லேக் வியூ ஊட்டுக்கு ஊர்ல என்ன வாடகைன்னு விசாரிச்சுப் பாரு. நான் நொம்பக் கம்மியாத்தான் கேக்கறேன்."

"ஏறுனது நீங்க ஏத்துனதாலதானுங்ணா!"

"அதையேதான் நானும் சொல்றேன். வியூ என்னால வந்தது."

ஜெப்சன், விட்டுவிடு, வேறு வீட்டுக்கு அட்வான்ஸ் எங்கே போய்ப் புரட்டுவது என்றான். ஸ்டெஃபிக்கு அவன்மேலும் எரிச்சல் வந்தது. மறுநாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஏணியில் இறங்கி, வளைவுக்கு வளைவு குமட்டலோடு பஸ்ஸில் சேலம் போனாள். அங்கே வாடகைத் தகராறுகளை விசாரிக்கும் அதிகாரியாக இருந்த சிவரஞ்சனி, வீட்டின் உயரத்தைக் கேட்டு ஆச்சரியப்படவில்லை. "வாடகை ஒப்பந்தம் எழுதினீங்களா?" என்றுதான் கேட்டார். இல்லை. "ஏத்தறதுக்கு மூணு மாசம் முன்னாடி எழுத்துல சொன்னாரா?" அதுவும் இல்லை. மனுவை வாங்கிக்கொண்டு மாதேஸ்வரனுக்கு விசாரணைக்கு அழைப்பு அனுப்பினார்.

அழைப்பு வந்த கோபத்தில் மாதேஸ்வரன் வந்து ஏணியை எடுத்துவிட்டார். காலி செய்துகொடுத்தால் ஹோம்ஸ்டே நடத்திக்கொள்வேன் என்று கீழிருந்து கத்தினார். எப்படி இறங்கிக் காலி செய்வது என்று ஸ்டெஃபி மேலிருந்து கேட்டபோது, அவர் ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்துகொண்டிருந்தார். அன்று மதியமே அவளுக்கு வலி கண்டது. ஜெப்சன் பயணிகளோடு ஜீப்பை வீட்டுக்கு அடியில் கொண்டுவந்து நிறுத்தினான். மஞ்சக்குட்டைக்குப் போகவேண்டியவர்கள் முணுமுணுத்துக்கொண்டே ஜீப்பின் மேல் ஏறி நின்று, அவள் வாசல் உத்தரத்தில் மாட்டித் தொங்கவிட்ட குடக் கயிற்றில் பிளாஸ்டிக் நாற்காலியைக் கட்டி அவளை இறக்கினார்கள். நாற்காலி ஆடி ஆடி இறங்கும்போது, மலைப் பனி அவளுக்குக் கீழே ஓடிக்கொண்டிருந்தது. "பயமா இருக்குதா சாமி?" என்று ஒரு பாட்டம்மா கேட்டார். "கோவமா இருக்குதுங்க," என்றாள். ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. ஆன்மேரி என்று பெயர் வைத்தார்கள்.

விசாரணைக்கு ஸ்டெஃபி கைக்குழந்தையோடு போனாள். எழுத்தில் சொல்லாமல் ஏற்றிய வாடகை செல்லாது. தண்ணீர், கரண்டைப் போலவே அந்த வீட்டுக்கு ஏணியும் அத்தியாவசியம், அதைப் பறித்தது தவறு என்று உத்தரவானது. வாடகை பழைய நிலைக்கு இறங்கியது. வீடும் இறங்குமென்று கிளியூர்க்காரர்கள் இரண்டு நாள் வேலையை விட்டுவிட்டு வந்து பார்த்தார்கள். அது இறங்கவில்லை. ஏறியது எதுதான் இறங்கியிருக்கிறது என்று அலுத்துக்கொண்டு கலைந்தார்கள்.

ஒப்பந்தம் பதிவு செய்யும் அன்று கணினிமுன் இருந்த எழுத்தர், வீடு எந்தத் தளம் என்று கேட்டார். தரைத்தளத்துக்குத்தான் நான் குடிவந்தேன் என்றாள் ஸ்டெஃபி. மரக்கிளைக்கு மேலே இருப்பதை எப்படித் தரைத்தளம் என்பது, முதல் தளம் என்று போடுங்கள் என்றார் மாதேஸ்வரன். பகல் சாப்பாட்டு நேரம்வரை வாக்குவாதம் நடந்தது. குழந்தை பசித்து வீறிட்டது. எழுத்தர் இருவரையும் பார்த்துப் பெருமூச்சு விட்டு, 'தரைத்தளம், உயரத்தில்' என்று அடித்து, கையெழுத்துப் போட நீட்டினார்.