தொப்பூர் இறக்கத்தில் நியூட்டர்

சௌந்திரத்துக்குக் கோபம் வந்தால் லாரி ஷெட்டில் இருக்கிறவர்கள் ஆளுக்கொரு பக்கம் ஒதுங்கிவிடுவார்கள். அன்றைக்கு அது தொப்பூர் கணவாயின் உச்சியில் வந்து தொலைத்தது. ஒதுங்க வழியில்லாமல் அவளுக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான் டிரைவர் கதிர்.

நாமக்கல்லில் அந்த லாரிக் கம்பெனி அவளுக்கும் அவள் அண்ணன் மருதாசலத்துக்கும் பொது. டீசல் லாரிகளை ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டு, முதலில் பெங்களூர் ஓட்டத்துக்கு ஆறு எலக்ட்ரிக் லாரி எடுப்பது என்று ஒரு வருடமாகத் திட்டம். எந்த ஊரில் சார்ஜ் போடுவது, அதுவரைக்கும் டிரைவர் எங்கே தலை சாய்ப்பது, திரும்பும்போது லோடு எங்கே பிடிப்பது என்று நாயாக அலைந்தவள் அவள்தான். டீசல் செலவு ஒழியும் என்று அண்ணன் தலையாட்டினான். அவளுக்கு வேண்டியது வேறு. அவள் கணவன் தமிழரசு இதே கம்பெனி லாரியை ஓட்டிப்போய், இதே இறக்கத்தில், பிரேக் பிடிக்காமல் செத்தவன். எலக்ட்ரிக் வண்டியில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தாலே மோட்டாரே வண்டியை இழுத்துப் பிடிக்கும், இறங்குகிற வேகமும் சார்ஜாகித் திரும்பும் என்று கேட்ட நாளிலிருந்து அவளுக்கு அந்த வண்டியின் மேல்தான் நினைப்பு. இனி ஒருத்தி வீட்டுக்கும் அந்தச் சேதி போகக் கூடாது.

அதனால்தான் வாங்குவதற்கு முன் பார்க்கிற சோதனை ஓட்டத்துக்குத் தானே வருவேன் என்று ஏறிக்கொண்டாள். ஓசூரில் லோடு ஏற்றி, தர்மபுரி தாண்டி, இறக்கம் தொடங்கிய இடத்தில் கதிர் கியர்த் திருகை நியூட்டருக்கு, எந்தக் கியரும் பிடிக்காத நிலைக்குத் திருப்பினான். பாரம் வண்டியைப் பின்னாலிருந்து தள்ளியது.

"டேய்! என்னடா பண்றே? கியர்ல போடுடா!"

அவள் போட்ட சத்தத்தில் அவன் கை தானாகத் திரும்பியது. மோட்டார் முனகிக்கொண்டு வண்டியைப் பிடித்தது. ரோடு அகலமான இடத்தில் ஓரங்கட்டச் சொன்னாள்.

"சார்ஜ் மிச்சம் புடிக்கலாம்னுதானுங்க அக்கா."

"கியர்ல எறங்குனாத்தாண்டா சார்ஜே ஏறும்! டிரெய்னிங்ல காது குத்தவா போயிருந்தே?"

"சொல்லிக் குடுத்தாங்க. கை பழகிப் போச்சுங்களே. டீசலுக்குக் குடுத்த மாதிரி சார்ஜ் மிச்சம் புடிச்சாலும் படி உண்டுன்னு மொதலாளி நேத்துத்தான் சொன்னாருங்க. படின்னதும் இங்க வந்தா கை நியூட்டருக்குத்தான் போவுதுங்க."

டீசல் மிச்சம் பிடித்த டிரைவருக்குத் தனியாகப் படி கொடுப்பது அவர்கள் கம்பெனியில் ஆரம்பத்திலிருந்தே உள்ள வழக்கம். அதற்காகத்தான் இறக்கத்தில் நியூட்டரில் போட்டு வண்டியை உருட்டுவது. பிரேக்கை மட்டும் நம்பி உருட்டினால் பிரேக் சூடேறிக் கைவிட்டுவிடும். தமிழரசு அப்படித்தான் போனான். அவனை ஊரே விதி என்று சொல்லி அடக்கம் பண்ணியது. விதியாம், விதி! புது வண்டி வாங்குவதற்கு முன்பே அதற்குள்ளும் அந்தப் பழைய எமனை ஏற்றி உட்காரவைத்திருக்கிறான் அண்ணன்.

ஷெட்டுக்குள் வண்டி நின்றதும் மருதாசலம் சிரித்துக்கொண்டே வந்தான். டிரைவர்கள் எல்லாரும் வண்டியைப் பார்க்கக் கூடியிருந்தார்கள்.

"ஏஞ்சாமி, வண்டி எப்படி?"

"வண்டி நல்லாத்தான் இருக்குது. நீங்கதான் நல்லால்லை. ஏனுங்கண்ணா, சார்ஜுக்குப் படி பேசுனீங்களா?"

"ஆமா, பேசுனேன். படி இல்லாம எவன் பொறுப்பா ஓட்டுவான்?"

"அந்தப் பொறுப்புலதான் இன்னிக்கு நானும் இவனும் போயிருப்போம். படியை இன்னியோட நிறுத்துங்க."

டிரைவர்கள் முகம் சுண்டியது. கதிர்தான் வாயைத் திறந்தான். "படியை எடுத்துட்டா எங்க ஊட்டுல அடுப்பு எரியாதுங்க அக்கா. சம்பளம் மட்டும் பத்துதுங்களா?"

சௌந்திரத்துக்கு அவன் மேல் இருந்த கோபம் அந்த இடத்திலேயே அற்றுப்போனது. அது முழுசும் அண்ணன் பக்கம் திரும்பியது.

"கேட்டீங்களா? அந்தப் படியைச் சம்பளத்துல சேத்துக் குடுங்க. மிச்சம் புடிச்சாலும் புடிக்காட்டியும் வர்ற மாதிரி. இல்லீன்னா வண்டி வாங்கற பேங்க் லோனுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன். வண்டியும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம்."

"தொழில் நடத்தறவன் நான், சௌந்திரம். ஆளுங்க முன்னால..."

"ஆளுங்க முன்னாலதான் சொல்லோணும். ஏறிப் போறது அவங்கதான்."

மருதாசலம் வண்டியைப் பார்த்தான். டிரைவர்களைப் பார்த்தான். துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டான்.

"சரி, விடு. சேத்தியே குடுத்துடலாம். அதுக்கு ஏன் இத்தனை ரகளை? அதொண்ணும் பெரிய விசயமில்லை."

டிரைவர்கள் மூச்சு விட்டார்கள். கதிர் கும்பிட்டான். காரியம் முடிந்தது என்று மருதாசலம் ஆபீஸ் பக்கம் நடந்தான்.

சௌந்திரம் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றாள். பெரிய விசயமில்லை. யாரோடும் கலந்து பேசவில்லை, பேனாவைத் தொடவில்லை, ஒரு துண்டால் கழுத்தைத் துடைக்கிற நேரம்தான் ஆயிற்று.

"அண்ணா!"

அவன் திரும்பினான்.

"இவ்வளவு சுளுவா சொல்றதை அவரு இருந்தப்பவே சொல்லியிருக்கக் கூடாதா?"